கொன்டெய்னர் ஹோஸ்டுக்குள் நுழைய முடியவில்லையா? கடைசி வரியை முதலில் வாசியுங்கள்

வெள்ளவத்தையில் இரவு பத்து மணிக்குப் பிறகு எனக்கு ஃபோன் வந்தால், பெரும்பாலும் கதை இப்படித்தான் தொடங்கும்.

“அண்ணா, ஹோஸ்டுக்குள்ள போகேலாமக் கிடக்கு.”

“என்ன சொல்லுது?”

“எரர் ஒண்டு அடிக்குது.”

“எரர் எண்டு எல்லாத்துக்கும் சொல்லலாம் தம்பி. கடைசி வரியை அப்படியே வாசி.”

‘டைம்ட் அவுட்’ என்று வந்தால் நீங்கள் படலைக்கே போய்ச் சேரவில்லை. ‘ரிஃபியூஸ்ட்’ என்றால் வீடு இருக்கிறது, கதவைத் திறக்க ஆள் இல்லை. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் ஆள் வந்து, முகத்தைப் பார்த்து, திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மூன்றாவதற்கு ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிக்கொண்டு அரை மணி நேரம் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே ஹோஸ்ட் என்பது டொக்கர் ஓடுகிற லினக்ஸ் வேர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி. டொக்கர், செயலிகளைக் கொன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளுக்குள் ஓடவிடும் மென்பொருள். அது உங்கள் லாப்டொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் இருக்கலாம், ஒஃபிஸ் மூலையில் உள்ள பழைய சேர்வரில் இருக்கலாம், சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எஸ்எஸ்எச் என்பது தூரத்து மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் கருவி; திறப்பு என்று நான் சொல்வது எஸ்எஸ்எச் கீயை, கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் ஃபைலை.

## எதற்கும் முன்னால்: ஐந்து நிமிட வேலை

கீழே வருகிற தலையிடிகளில் கணிசமானவை, ஒவ்வொரு முறையும் முகவரி, பயனர் பெயர், போர்ட் (மெஷினில் ஒரு சேவை காத்திருக்கும் கதவு எண்), திறப்பு எல்லாவற்றையும் கையால் தட்டுவதால் வருகின்றன. உங்கள் ஹோம் கோப்புறையில் புள்ளி எஸ்எஸ்எச் என்றொரு கோப்புறை இருக்கும். அதற்குள் கொன்ஃபிக் என்ற ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு மெஷினுக்கும் இப்படி ஒரு துண்டு எழுதிவையுங்கள்:

ஹோஸ்ட் டெஸ்ட்1
ஹோஸ்ட்நேம் 192.168.56.20
யூசர் உபுண்டு
ஐடென்டிட்டிஃபைல் (இந்த மெஷினுக்கான திறப்பு இருக்கும் இடம்)
ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்
சேர்வர்அலைவ்இன்டர்வல் 60

இனி எஸ்எஸ்எச் டெஸ்ட்1 என்று தட்டினால் போதும். திறப்பு இன்னும் செய்யவில்லையென்றால் எஸ்எஸ்எச்-கீஜென் மைனஸ் டி (‘டைப்’ என்பதன் முதல் எழுத்து) ஈடி25519 என்று ஒன்று செய்து, கடவுச்சொற்றொடரும் போட்டுவிடுங்கள். ஒஃபிஸில் ஒரு வாசல் மெஷின் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும் என்றால் புரொக்ஸிஜம்ப் என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. எஸ்எஸ்எச் 7.3இலிருந்து, அதாவது 2016இலிருந்து, அந்த வசதி இருக்கிறது. இன்னமும் இரண்டு முறை லொகின் பண்ணுகிறவர்களைக் கண்டால் எனக்கு விளங்குவதில்லை.

ஒரு கட்டுப்பாடு: ஹோஸ்டில் எஸ்எஸ்எச் அமைப்பைத் தொடுகிறீர்கள் என்றால், ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலை மூடாதீர்கள். புதிதாக ஒன்றைத் திறந்து உள்ளே போக முடிந்த பிறகுதான் பழையதை மூடவேண்டும்.

## ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’

முகவரி மாறிவிட்டதா? இதுதான் முதல் சந்தேகம், செலவே இல்லாததும் இதுதான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். உப மின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். மறுநாள் காலை எனக்கு வந்த அழைப்புகளில் குரங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் ‘டைம்ட் அவுட்’. கரண்ட் வந்து சேர்வர்கள் எழும்பியபோது ரவுட்டர் புது முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. நேற்று 20 என்று முடிந்த மெஷின் இன்று 23.

வேர்ச்சுவல் மெஷினின் கொன்சோல் ஜன்னலுக்குள் (எஸ்எஸ்எச் இல்லாமல் மெஷினின் திரையை நேரே காட்டுவது) போய் ஐபி ஏ என்று தட்டிப் பாருங்கள். முகவரி மாறியிருந்தால், கொன்ஃபிக் ஃபைலை மட்டும் திருத்திவிட்டு விடாதீர்கள். ரவுட்டரில் அந்த மெஷினின் மெக் முகவரிக்கு (நெட்வேர்க் அட்டையின் அடையாள எண்) நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்குங்கள்.

உங்கள் முகவரி மாறிவிட்டதா? வாடகை மெஷின் என்றால், ‘என் வீட்டு முகவரியிலிருந்து மட்டும் 22ஆம் போர்ட்டுக்கு விடு’ என்று ஃபயர்வோலில் எழுதியிருப்பீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வீட்டு இணைப்பின் பொது முகவரி, ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும்பினாலே மாறக்கூடும். டொங்கிளில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் மோசம். இப்போதைய முகவரியைப் பார்த்து, வழங்குநரின் தளத்தில் அந்த விதியைத் திருத்துங்கள். கோபத்தில் ‘எல்லோரையும் விடு’ என்று மாற்றிவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் பிறகு வேறு விதமான அழைப்பு எடுப்பார்கள்.

ஒஃபிஸ் இணைப்பே 22ஐ அடைத்திருக்கிறதா? ஃபோனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து ஒருமுறை முயன்று பாருங்கள். அதில் போனால் பிரச்சினை ஹோஸ்டில் இல்லை. ஒஃபிஸ் நெட்வேர்க் பார்க்கிறவரிடம் கேளுங்கள்.

ஒருமுறை போகிறது, ஒருமுறை போகவில்லையா? இது இரட்டைப் பிள்ளைகளின் வேலை. ஒரு மெஷினை அப்படியே குளோன் பண்ணினால் ஈடிசி என்ற அமைப்புக் கோப்புறைக்குள் இருக்கும் மெஷின்-ஐடி ஃபைலும் சேர்ந்து குளோன் ஆகிவிடும். உபுண்டு சேர்வர் அந்த அடையாளத்தைக் காட்டித்தான் ரவுட்டரிடம் முகவரி கேட்கிறது. இரண்டும் ஒரே அடையாளத்தைக் காட்டினால் இரண்டுக்கும் ஒரே முகவரிதான் கிடைக்கும். மெக் முகவரி வேறாக இருந்தாலும் பலன் இல்லை. குளோனில் அந்த ஃபைலை வெறுமையாக்கிவிட்டு ரீபூட் செய்தால் புதிது உருவாகும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஹொட்ஸ்பொட்டிலும் போகவில்லை, ஃபயர்வோல் சரி, வழங்குநரின் தளத்தில் மெஷின் ஓடுவதாகக் காட்டுகிறது, ஆனால் கொன்சோலுக்குள் இருந்து வெளியே பிங்கும் போகவில்லை என்றால் அது வழங்குநரின் வேலை. டிக்கெட் போடுங்கள்.

## ‘கனெக்‌ஷன் ரிஃபியூஸ்ட்’

மெஷின் இப்போதுதான் எழும்பியது என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். உண்மையாகவே சில நேரம் அவ்வளவுதான்.

போர்ட் சரியா? வேக்ரன்ட் (வேர்ச்சுவல் மெஷின்களைத் தானாக உருவாக்கும் கருவி) வழியாகச் செய்த மெஷின் என்றால் 22 அல்ல, உங்கள் லாப்டொப்பின் 2222. வேக்ரன்ட் எஸ்எஸ்எச்-கொன்ஃபிக் என்று தட்டினால், நான் மேலே காட்டியது போன்ற துண்டு ஒன்றை அதுவே எழுதித் தரும். அப்படியே கொப்பி பண்ணி ஒட்டலாம்.

போர்ட்டை மாற்றியும் மாறவில்லையா? உபுண்டு 22.10இலிருந்து 22ஆம் போர்ட்டில் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பது எஸ்எஸ்எச் சொக்கெட் என்ற அலகு. ஃபைலில் போர்ட்டை மாற்றி, எஸ்எஸ்எச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தலையைச் சொறிகிறவர்கள் நிறைய. 24.04இல் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுத்து, பிறகு எஸ்எஸ்எச் புள்ளி சொக்கெட்டை ரீஸ்டார்ட் செய்யவேண்டும். ஃபைலில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்க சுடோ எஸ்எஸ்எச்டி மைனஸ் டி (‘டெஸ்ட்’ என்பதன் முதல் எழுத்து, சிறியது). பிழை இல்லையென்றால் ஒன்றும் சொல்லாது.

ஐந்தாறு தரம் பிழையாக முயன்ற பிறகு வந்ததா? ஃபெயில்2பேன் என்ற காவல் மென்பொருள் உங்களை வெளியே வைத்துப் பூட்டிவிட்டிருக்கும். அதன் வழக்கமான அளவு பத்து நிமிடத்துக்குள் ஐந்து தவறு, தண்டனை பத்து நிமிடம். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் திரும்பத் திரும்பத் தட்டுவதில் பிரயோசனம் இல்லை.

இன்னொன்று, புதிதாக வந்தவர்கள் கட்டாயம் விழுகிற குழி: 172.17 என்று தொடங்கும் முகவரிக்கு எஸ்எஸ்எச் போட்டுப் பார்ப்பது. அது ஹோஸ்ட் அல்ல, கொன்டெய்னர். அதற்குள் எஸ்எஸ்எச் சேவை ஓடுவதில்லை, ஓடவும் தேவையில்லை. ஹோஸ்டுக்குள் போய், டொக்கர் எக்ஸெக் மைனஸ் ஐடி, கொன்டெய்னரின் பெயர், எஸ்எச் என்று தட்டினால் உள்ளே இருப்பீர்கள்.

## ‘பெர்மிஷன் டினைட், பப்ளிக்கீ’

இதற்குத்தான் அதிக நேரம் போகிறது. வரிசையாகப் பாருங்கள், தாண்டிப் போகாதீர்கள்.

பயனர் பெயர். உபுண்டு இமேஜில் உபுண்டு, ஃபெடோரா கோர்ஓஎஸ் என்றால் கோர், அமேசன் லினக்ஸில் ஈசி2-யூசர், வேக்ரன்ட்டில் வேக்ரன்ட், பழைய டொக்கர்-மெஷினின் பூட்2டொக்கர் என்றால் டொக்கர். பெயர் கொடுக்காவிட்டால் உங்கள் லாப்டொப்பின் பயனர் பெயரோடு போய் நிற்கும். அங்கே அப்படி ஒருவர் இல்லை. ஆள் இல்லை என்று அது சொல்லாது, திறப்பு பிழை என்றுதான் சொல்லும். அது வேண்டுமென்றே அப்படி.

எந்தத் திறப்பு போகிறது? எஸ்எஸ்எச் மைனஸ் வி என்று தட்டி, ‘ஓஃபரிங் பப்ளிக் கீ’ என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். நீங்கள் நினைத்த ஃபைல் அங்கே இல்லையென்றால் கொன்ஃபிக்கில் பாதை பிழை. ஆறேழு திறப்புகள் வரிசையாகப் போய், கடைசியில் ‘டூ மெனி ஓதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்’ என்று வந்தால், சரியான திறப்பின் முறை வருவதற்குள்ளேயே கதவு சாத்திவிட்டது; சேர்வர் வழக்கமாக ஆறு முயற்சிதான் தரும். மேலே எழுதிய ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ் என்ற வரி இதற்குத்தான்.

உங்கள் பக்கம் அனுமதி சரியா? ‘அன்புரொடெக்டட் பிரைவேட் கீ ஃபைல்’ என்று பெரிய எழுத்தில் கத்தினால், திறப்பு ஃபைலுக்கு சிஎச்மொட் (ஃபைல் அனுமதியை மாற்றும் கட்டளை) 600. விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் பாவிக்கிறவர்கள் திறப்பை சி ட்ரைவிலேயே வைத்துவிட்டு சிஎச்மொட் போட்டால் அது ஒட்டாது. லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறைக்குள் கொப்பி பண்ணிவிட்டுப் போடுங்கள்.

ஹோஸ்ட் பக்கம் அனுமதி சரியா? கொன்டெய்னர் ஹோஸ்டுகளுக்கே உரிய வருத்தம் இது. போன வருடம் பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய குழு. நேற்று வரை எல்லோரும் உள்ளே போனார்கள். இன்று ஒருவராலும் முடியவில்லை. திறப்பு மாறவில்லை, பெயர் மாறவில்லை. கொன்சோலில் போய் ஓத் லொக் என்ற லொகின் பதிவேட்டைப் பார்த்தேன்: ‘ஓதென்டிகேஷன் ரிஃபியூஸ்ட், பேட் ஓனர்ஷிப் ஓர் மோட்ஸ்’.

“நேற்று பின்னேரம் ஆராவது சிஎச்மொட் போட்டதோ?”

ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள், “கொன்டெய்னர் ஃபோல்டருக்குள்ள எழுதேலாமக் கிடந்தது அண்ணா. அதால முழுதுக்கும் 777 குடுத்தனான்.”

முழுதுக்கும் என்றால் ஹோம் கோப்புறை முழுதுக்கும். 777 என்றால் யாரும் வாசிக்கலாம், யாரும் எழுதலாம். யாரும் எழுதக்கூடிய கோப்புறைக்குள் இருக்கும் திறப்புப் பட்டியலை எஸ்எஸ்எச் நம்பாது, நம்பவும் கூடாது. ஹோம் கோப்புறைக்கு 755, எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, அந்தப் பட்டியல் இருக்கும் ஓதரைஸ்ட்-கீஸ் ஃபைலுக்கு 600. எல்லாம் அந்தப் பயனரின் பெயரிலேயே இருக்கவேண்டும், ரூட்டின் பெயரில் அல்ல. இரண்டு நிமிடத்தில் எல்லோரும் உள்ளே. கொன்டெய்னருக்குத் தேவையான ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றி, கொன்டெய்னருக்குள் ஓடுகிற பயனரின் எண்ணுக்கு சிஎச்ஓன் பண்ணி உரிமையை மாற்றிக் கொடுத்தேன். 777 எதற்கும் மருந்து இல்லை.

பழைய சேர்வர், புது லாப்டொப்பா? எஸ்எஸ்எச் 8.8 வந்த 2021இலிருந்து, பழைய எஸ்எச்ஏ-1 கையொப்பத்தோடு போகும் ஆர்எஸ்ஏ முறை வழக்கமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. சேர்வர் 7.2க்கு முந்தியது என்றால் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. ஈடி25519 திறப்புக்கு மாறுங்கள், 6.5இலிருந்து அது வேலை செய்யும். அதற்கும் முந்திய சேர்வர் என்றால் திறப்பை விடுங்கள், மெஷினை மாற்றுவது பற்றிப் பேசவேண்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: திறப்பே தொலைந்துவிட்டது, யாருடைய லாப்டொப்பிலும் இல்லை, கொன்சோலுக்கும் கடவுச்சொல் தெரியாது. மெஷினை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் கொழுவி, புதிய பொதுத்திறப்பை (திறப்புச் சோடியில் ஹோஸ்டில் வைக்கும் பாதி) எழுதிவிட்டுத் திருப்பிப் பூட்டலாம். முன்பு செய்திருந்தால் செய்யுங்கள். செய்ததில்லை என்றால், முதலில் டிஸ்க்கின் ஸ்னப்ஷொட் (அந்த நேரத்து முழுப் பிரதி) ஒன்றை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## ‘ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்ட்’

மெஷின் இப்போது காட்டும் அடையாளம் உங்கள் லாப்டொப் முன்பு பதிந்து வைத்ததோடு பொருந்தவில்லை என்கிறது இது. கேள்வி ஒன்றுதான்: மெஷினை நீங்களோ குழுவில் யாரோ அழித்துத் திரும்பச் செய்தீர்களா?

ஆம் என்றால் எஸ்எஸ்எச்-கீஜென் மைனஸ் பெரிய ஆர், பிறகு முகவரி. பழைய பதிவு போய்விடும்.

இல்லையென்றால் நில்லுங்கள். முகவரி வேறு மெஷினுக்குப் போய்விட்டதா என்று மேலே சொன்னபடி பாருங்கள். அதுவும் இல்லையென்றால், கொன்சோலில் காட்டும் கைரேகை வரியையும் (மெஷினின் அடையாளக் குறியீடு) உங்கள் திரையில் வரும் வரியையும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் உள்ளே போகவேண்டாம். எச்சரிக்கையே வராதபடி சரிபார்ப்பை நிரந்தரமாக அணைத்து வைக்கச் சொல்லும் யோசனை நிறையச் சுற்றுகிறது. லாப்டொப்புக்குள்ளேயே ஓடி, நாளுக்கு மூன்று தரம் அழிகிற மெஷினுக்கு அது பரவாயில்லை. மற்றதற்கு வேண்டாம்.

## உள்ளே போனேன்; கொம்போஸ் அப் தட்டியதும் அறுந்துவிட்டது

என்னை இரண்டு நாள் அலைக்கழித்த வருத்தம் இது. கோட்டையில் ஓர் அலுவலகம். வீட்டிலிருந்து வீபிஎன் (இணையத்தின் ஊடாக அலுவலகத்துக்குப் போடும் தனிப்பாதை) வழியாக வருகிறவர்களுக்கு மட்டும், ஒரு புது புரொஜெக்ட் எழும்பியதும் ஹோஸ்ட் மறைந்துவிடும். அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ‘உங்கட லைன் சரியில்லை’ என்று வீட்டிலிருந்தவர்களிடமே பழியைப் போட்டார்கள். முதல் நாள் நானும் அதைத்தான் சொன்னேன்.

கொம்போஸ் என்பது ஒரு புரொஜெக்டின் கொன்டெய்னர்களை ஒன்றாக எழுப்பும் டொக்கர் கட்டளை. ஒவ்வொரு கொம்போஸ் புரொஜெக்டுக்கும் டொக்கர் தனியாக ஒரு நெட்வேர்க் செய்கிறது. 172.17இல் தொடங்கி 172.31 வரை ஏறும், பிறகு 192.168க்குள் இறங்கும். வீபிஎன் அந்த வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்திருந்த முகவரி 172.20இல். புது புரொஜெக்டும் அதே 172.20ஐ எடுத்துக்கொண்டது. உங்கள் கேள்வி ஹோஸ்டுக்கு வந்து சேரும்; பதில் மட்டும் உங்களிடம் வராமல் கொன்டெய்னர்களின் முடுக்குக்குள் போய்விடும்.

சோதனை: ஹோஸ்டுக்குள் ஐபி ரூட். ‘பிஆர்-’ என்று தொடங்கும் இடைமுகத்துக்கு எதிரே உங்கள் வீபிஎன் முகவரியின் முதல் இரண்டு எண்களும் இருக்கிறதா என்று பாருங்கள்.

உடனடி வைத்தியம்: அந்த புரொஜெக்டை கொம்போஸ் டவுன். நிரந்தர வைத்தியம்: ஈடிசி டொக்கருக்குள் இருக்கும் டீமன் ஜேசன் ஃபைலில் டிஃபோல்ட்-அட்ரஸ்-பூல்ஸ் என்று எழுதி, உங்கள் அலுவலகத்தில் யாரும் தொடாத ஒரு வீச்சைக் கொடுங்கள். டொக்கரை ரீஸ்டார்ட் செய்து, பழைய நெட்வேர்க்குகளை அழித்துத் திரும்ப எழுப்பவேண்டும். ஏற்கெனவே செய்தவை தாமாக மாறாது. எந்த வீச்சு காலி என்று தெரியாவிட்டால் ஊகிக்கவேண்டாம், நெட்வேர்க் பார்க்கிறவரிடம் கேளுங்கள்.

## பாதியில் உறைந்து நிற்கிறது

லொகின் முடியும் முன்பே, ‘எக்ஸ்பெக்டிங்’ என்று தொடங்கி ‘கெக்ஸ்’ என்ற சொல் வரும் வரியில் நின்றால், பெரிய பொதி வழியில் சிக்குகிறது. வீபிஎன்னிலும் டொங்கிளிலும் அதிகம். பிங்கில் மைனஸ் பெரிய எம் டூ (எண் இரண்டல்ல, ‘செய்’ என்ற ஆங்கிலச் சொல்), மைனஸ் எஸ் 1472 என்று தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். போகிற பெரிய எண்ணோடு 28ஐக் கூட்டினால் வருவதை வீபிஎன் இடைமுகத்தின் எம்டியூவாக (ஒரு பொதியின் உச்ச அளவாக) வையுங்கள்.

உள்ளே போய், தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது உறைந்திருந்தால், சேர்வர்அலைவ்இன்டர்வல் 60 போடவில்லை. அவ்வளவுதான்.

## கடவுச்சொல், திறப்பு எல்லாம் சரி. உள்ளே விட்டு உடனே வெளியே தள்ளுகிறது

கொன்டெய்னர் ஹோஸ்ட் என்றால் பத்துக்கு எட்டுத் தரம் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொன்சோலில் டிஎஃப் மைனஸ் எச். இடம் இருப்பதாகக் காட்டினால் டிஎஃப் மைனஸ் ஐயும் பாருங்கள். சின்னச் சின்ன ஃபைல்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தாலும் இதே கதைதான்.

பிறகு டொக்கர் சிஸ்டம் டிஎஃப். பெயர் கழன்று கிடக்கும் பழைய இமேஜ்கள் என்றால் டொக்கர் சிஸ்டம் ப்ரூன். அதோடு வொல்யூம்ஸ் என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள்; டேட்டாபேஸ் அதற்குள்தான் இருக்கும். ப்ரூன் செய்தும் இடம் வரவில்லையென்றால் காரணம் கொன்டெய்னர் லொக், அதாவது செயலி எழுதித் தள்ளும் பதிவு ஃபைல். வழக்கமான ஜேசன்-ஃபைல் லொக்குக்கு எல்லையே கிடையாது. ஒரு செயலி இரவு முழுக்கப் புலம்பினால் விடியும்போது பத்து இருபது ஜிபி. அந்த ஃபைலை அழிக்காமல் ட்ரன்கேட் மைனஸ் எஸ் 0 என்று வெறுமையாக்குங்கள். டீமன் ஜேசனில் மெக்ஸ்-சைஸ் 10எம், மெக்ஸ்-ஃபைல் 3 என்று வைத்தால் இனி வராது; புதிதாகச் செய்யும் கொன்டெய்னர்களுக்குத்தான் அது பொருந்தும். வர்-லிப்-டொக்கர் கோப்புறைக்குள் கையை விட்டு எதையாவது பிடுங்குவது மட்டும் வேண்டாம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: டிமெஸ்ஜி (கேர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) தட்டும்போது ‘ஐ/ஓ எரர்’ வரிகள் வந்தால் டிஸ்க்கே போகிறது. ஒன்றும் எழுதாதீர்கள், ரீபூட்டும் வேண்டாம். 2022இல் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், யூபிஎஸ் பற்றரி போனது தெரியாமல் ஓடவிட்ட சேர்வர்கள் சிலவற்றில் நான் இதைப் பார்த்தேன்.

## எஸ்எஸ்எச் போகிறது. லாப்டொப்பிலிருந்து டொக்கர் மட்டும் போகவில்லை

2018இல் வந்த டொக்கர் 18.09இலிருந்து, எஸ்எஸ்எச் வழியாகவே தூரத்து டொக்கரை ஓட்டலாம். டொக்கர் கொன்டெக்ஸ்ட் க்ரியேட் கொடுத்து, ஹோஸ்டாக எஸ்எஸ்எச் முகவரியை எழுதினால் போதும். ‘டீமன் சொக்கெட் பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால், ஹோஸ்டில் அந்தப் பயனரை டொக்கர் குழுவில் சேர்த்து, வெளியே வந்து மறுபடி லொகின் செய்யுங்கள். அந்தக் குழுவில் இருப்பவர் ரூட்டுக்குச் சமம் என்பதை மனதில் வைத்துச் சேருங்கள். இடையிடையே அறுந்தால், கொன்ஃபிக் துண்டில் கொன்ட்ரோல்மாஸ்டர் ஓட்டோ, கொன்ட்ரோல்பாத், கொன்ட்ரோல்பெர்சிஸ்ட் 600 மூன்றையும் சேருங்கள்; ஒவ்வொரு கட்டளைக்கும் புதுக் கதவு தட்டாமல் திறந்த கதவாலேயே போகும்.

‘இதெல்லாம் கஷ்டம், 2375ஐத் திறந்துவிடுவோம்’ என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். டொக்கரின் அந்தப் போர்ட்டில் பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை. உபுண்டுவின் ஃபயர்வோலான யூஎஃப்டபிள்யூ பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்கவேண்டாம். கொன்டெய்னருக்காக டொக்கர் வெளியே திறக்கிற போர்ட்டுகள் அதைத் தாண்டியே போய்விடும்.

## உள்ளே எல்லாம் ஓடுகிறது. ஆனால் ஏதோ சரியில்லை

ஓதரைஸ்ட்-கீஸில் யாருக்கும் தெரியாத ஒரு வரி. நீங்கள் ஓடவிடாத கொன்டெய்னர் ஒன்று சிபியுவை முழுதாகத் தின்கிறது. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அந்த வரியை அழிக்காதீர்கள், கொன்டெய்னரையும் அழிக்காதீர்கள். ஃபயர்வோலில் உங்களைத் தவிர எல்லோரையும் அடைத்து, ஸ்னப்ஷொட் எடுத்து, நேரத்தைக் குறித்துவைத்துவிட்டுப் பாதுகாப்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இலங்கை சேர்ட்டிடமும் (நாட்டின் கணினி அவசர உதவிக் குழு) அறிவிக்கலாம். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக யார், எப்போது, எங்கிருந்து லொகின் செய்தார் என்பது. லாஸ்ட் என்று தட்டினால் வரும் பட்டியலை, எதையும் தொடுவதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.